ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) உள்ள மாணவிகளுக்கு வகுப்பறை உதவி கோரும் மனு

அனுப்புநர்: பெற்றோர் உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழு, அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி

பெறுநர்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: முன்பு அளித்த மனுக்களின் தொடர்ச்சி

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதே பொருளில் கல்வியாண்டுத் தொடக்கத்திலும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டைத் தவிர பதிலில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் சாலைப் பக்க வகுப்புகளின் ஹாரன் சத்தம் தாங்கள் அறியாததல்ல.

1. மதிப்பீட்டு முகாமுக்குத் துறுதுறுப்பான பிள்ளைகளே அனுப்பப்படுகிறார்கள். பெண் பிள்ளைகள் பலருக்கு இக்குறைபாடு சத்தமில்லாதது. சொன்னதை மறப்பாள், பொருளைத் தொலைப்பாள், ஜன்னலைப் பார்த்திருப்பாள். 'சோம்பேறி' என்று பெயராகிவிடும். கவனக்குறைவின் 9 அறிகுறிகளும் அடங்கிய பட்டியலை வகுப்பாசிரியர்களுக்குக் கொடுங்கள். 6 அறிகுறிகள், 6 மாதமாக, வீட்டிலும் பள்ளியிலும் தெரிந்தால் கட்டாயம் அனுப்ப வேண்டும்.

2. முன்வரிசையில், கதவு ஜன்னலுக்குத் தள்ளி இடம்.

3. எல்லாவற்றிலும் வதைப்பது கரும்பலகை. அங்கே படித்த மூன்று சொல் நோட்டுக்கு வருவதற்குள் இரண்டு மறந்துபோகும். நிமிர்ந்தால் விட்ட வரியைத் தேட வேண்டும். அதற்குள் பலகையை அழித்துவிடுவார்கள். அரைகுறை நோட்டுக்குத் தண்டனை, அதையே பத்து முறை எழுதுவது. அதை முடிக்க விளையாட்டு வேளையைப் பிடுங்குவது. உடம்பு அசைந்தால்தான் அடுத்த பாடத்தில் மனம் நிற்கும்; அதையும் பிடுங்கினால் பிற்பகல் நோட்டும் அரைகுறைதான். தேர்வுக்குப் படிக்க அவள் கையில் பாடமே இல்லை, அம்மா! பிறகு படிக்கவில்லை என்று திட்டினால் எப்படி? பலகைக் குறிப்பின் ஒரு பக்க நகலுக்கு என்ன செலவாகிவிடும்? வீட்டுப்பாடத்தையும் மணியடிக்கும்போது வாயால் சொல்லாமல், கடைசி வேளையில் டைரியில் எழுதினாளா என்று பார்த்து அனுப்பட்டும்.

4. காலையில் இக்குறைபாட்டுக்கான மருந்தான மெத்தில்ஃபெனிடேட் சாதாரண மாத்திரை போடும் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 4 மணி நேரமே நிற்கும். கணக்குப் பாடத்தை முற்பகலில் வையுங்கள். பசி மந்தப்படும், சத்துணவை மிச்சம் வைத்தால் அதட்ட வேண்டாம்.

5. எதைக் கேட்டாலும் 'சான்றிதழ் உண்டா' என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21 குறைபாட்டு வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. கற்றல் குறைபாடு உண்டு. இரண்டும் சேர்ந்தே பலருக்கு இருப்பதால் இரண்டையும் ஒன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். தேர்வில் கூடுதல் நேரத்துக்குச் சான்றிதழ் கேட்கட்டும். ஒரு நகல் தருவதற்கும் பெஞ்சு மாற்றுவதற்கும் எதற்குச் சான்றிதழ்?

அரையாண்டுத் தேர்வுக்கு முன் தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி மீண்டும் மன்றாடிக் கேட்கிறோம். மற்றவை தாமதமானாலும் பலகைக் குறிப்பின் நகலுக்கு இந்த வாரமே உத்தரவிடுங்கள், அம்மா.

இப்படிக்கு,
பெற்றோர் உறுப்பினர்கள்