இரண்டாவது பெண்ணுக்கு என்ன வேலை?

நாடக மாணவிகளுக்கு இருவர் காட்சிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாணவிகளின் தேர்வுக் காட்சிகளைத் தவறாமல் போய்ப் பார்ப்பவள் நான். அவர்கள் நடிப்பில் எனக்குக் குறை இல்லை. நீங்கள் அவர்கள் கையில் கொடுக்கும் காட்சிகளில்தான் குறை. ஒருத்தி தன் துயரத்தைக் கொட்டித் தீர்க்கிறாள். மற்றவள் அவள் தோளைத் தொட்டு "அழாதே" என்கிறாள், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கிறாள். அந்த இரண்டாவது பெண்ணின் வேலையை ஒரு நாற்காலி செய்துவிடும். ஆனால் மதிப்பெண் மட்டும் இருவருக்கும் தனித்தனியாகப் போடுகிறீர்கள்.

இரண்டு பெண்கள் பேசிக்கொண்டால் அது இருவர் காட்சி ஆகிவிடாது. இருவருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும். ஒருத்தி கேட்பதை மற்றவள் எளிதில் கொடுக்கக் கூடாது.

அப்படிப்பட்ட காட்சிகள் கிடைப்பதில்லை என்று சொல்லாதீர்கள். கம்பனின் மந்தரையையும் கைகேயியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உறங்குகிறவளின் காலைத் தொட்டு எழுப்புகிறாள் மந்தரை. இராமனுக்கு முடிசூட்டு விழா என்றதும் கைகேயி மகிழ்ந்துபோய் ஒரு மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். மந்தரை அதட்டுகிறாள், அழுகிறாள், அந்தப் பொன்மாலையாலேயே நிலத்தைக் குழிக்கிறாள். இதைவிடத் தெளிவான மேடைக்குறிப்பை எந்த நாடக ஆசிரியர் எழுதிக் கொடுப்பார்? இந்தக் காட்சியை எடுப்பவர்களும் கூன் முதுகுக்கு ஒப்பனை செய்வதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதிகம் பேசுகிறவள் மந்தரை, மாறுகிறவள் கைகேயி. மகனாகவே நினைத்த ஒருவனுக்கு எதிராக அவள் மனம் எந்தச் சொல்லில் திரும்புகிறது? அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கைகேயியாக நடிக்கும் பெண்ணுக்குப் பயிற்சி. செய்யுளாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பாடல்களைப் படித்து உரையாடலை மாணவிகளே எழுதட்டும்.

சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையை எந்தத் தேர்விலும் நான் பார்த்ததில்லை. கண்ணகி தன் கெட்ட கனவைச் சொல்கிறாள். அவள் தோழி தேவந்தி ஆறுதல் சொல்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் நான் குறை சொன்ன அதே அழுகைக் காட்சி. ஆனால் தேவந்தியின் கணவனும் அவளைப் பிரிந்து போனவன்தான். குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டத்தை, அதாவது மன்மதன் கோயிலைத் தொழுதால் கணவனோடு இன்புற்று வாழலாம் என்று தோழிக்கு வழி சொல்கிறவள், தன் நம்பிக்கையையும் சேர்த்தே அதில் வைக்கிறாள். அதற்குக் கண்ணகி சொல்லும் பதில் 'பீடன்று'. அது பெருமை ஆகாது என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். அந்தச் சொல் விழும்போது தேவந்தியின் முகம் என்ன ஆகிறது? இளங்கோ அதை எழுதவில்லை. உங்கள் மாணவிக்காக விட்டுவைத்திருக்கிறார். அடுத்து கோவலன் வந்துவிடுகிறான். காட்சியை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஆண்களைப் பற்றிப் பேசும் பெண்கள் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 1879இல் வெளிவந்த நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தின் முதல் அங்கத்தில் நோராவும் அவளுடைய பழைய தோழி லிண்டேயும் கணவனையும் கடனையும் பற்றித்தான் பேசுகிறார்கள். லிண்டே விதவை, வேலை தேடி வந்தவள். நோராவை அவள் ஒரு குழந்தை என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் சுட்டதால்தான் நோரா, கணவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கிய தன் இரகசியத்தை வெளியே எடுக்கிறாள். பேச்சு கணவனைப் பற்றியது. போட்டியோ யார் வாழ்க்கையை அதிகம் அறிந்தவள் என்பது. கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீசின் 'அந்திகோனி' தொடங்கும் அக்காள் தங்கை காட்சியும் இப்படித்தான். அரசனின் தடையை மீறி அண்ணனின் உடலை அடக்கம் செய்யத் துணிகிறாள் அந்திகோனி, தடுக்கிறாள் தங்கை இஸ்மீனி. இஸ்மீனியைக் கோழையாக நடிக்கச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். அவளும் அண்ணனை இழந்தவள். அக்காவையும் இழக்கப் போகிறவள். அவளுடைய வாதத்தில் நியாயம் இருந்தால்தான் அந்திகோனியின் பிடிவாதத்துக்கு எடை வரும்.

பேசாத பாத்திரம் என்றால் பயனற்ற பாத்திரம் என்று எண்ணிவிடவும் கூடாது. 1889இல் மேடையேறிய சுவீடன் எழுத்தாளர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் சிறு நாடகம் ஒன்றில் ஒரு நடிகை பேசிக்கொண்டே இருக்கிறாள், எதிரே அமர்ந்திருக்கும் இன்னொரு நடிகை ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. ஆனால் அவள் பார்ப்பதும் சிரிப்பதும்தான் பேசுகிறவளை அடுத்த வரிக்குத் தள்ளுகின்றன. நாடகத்தின் பெயர் 'வலிமை மிக்கவள்'. யார் அந்த வலிமை மிக்கவள் என்று மாணவிகள் சண்டை போடட்டும்.

வயதைப் பற்றி ஒன்று. பதினாறு வயதுப் பெண்ணிடம் ஐம்பது வயதுத் தாயின் பாத்திரத்தைக் கொடுத்தால் நரைமுடியும் நடுங்கும் குரலும்தான் கிடைக்கும். 1983இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்ற மார்ஷா நார்மனின் தாய், மகள் நாடகம் சிறந்த எழுத்துதான். ஆனால் அதில் மகள் தன் தற்கொலை முடிவைத் தாயிடம் அறிவிக்கிறாள். கனமான காட்சி கொடுத்தால் தேர்வாளர் அசந்துபோவார் என்பதற்காக அதைச் சிறு பெண்கள் தலையில் ஏற்றி, வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்க வைப்பது சரியில்லை. காட்சியை அவர்களிடம் முன்கூட்டியே கொடுங்கள், முழு நாடகத்தையும் படிக்க விடுங்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள். மறுக்கும் பெண்ணுக்குத் துணிச்சல் போதாது என்று எழுதிவைக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பெண் வேடங்கள் போதவில்லை என்றால் ஆண் வேடங்களைக் கொடுங்களேன். ஷேக்ஸ்பியர் காலத்தில் அவருடைய பெண் பாத்திரங்களில் நடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள்தாம். கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

அடுத்த பட்டியலைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு காட்சியிலும் குறைவாகப் பேசும் பாத்திரத்தின் வரிகளை மட்டும் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். அவள் ஒன்றைக் கேட்கிறாளா, மறைக்கிறாளா, மறுக்கிறாளா? எதுவும் இல்லை என்றால் அந்தக் காட்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டாம். சில ஒத்திகைகள் மாற்றி மாற்றி நடித்துப் பார்த்தபின் மாணவிகளே சொல்லட்டும்.

இப்படிக்கு,
பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருத்தி