கப்பல் பூனையும் விடுதலையான மனிதரும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பேத்தி உன்னிடமே சதுரங்கம் கற்றுக்கொண்டு உன்னையே தோற்கடித்துவிட்டாள் என்பதைப் படித்துச் சிரித்தேன். நம் பத்திரிகை டெஸ்க்கில் உன்னிடம் வேலை கற்ற பையன்களும் அதைத்தானே செய்தார்கள்!

என் பக்கத்துச் செய்தி இதுதான்: ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது என்னை வாசகர் புகார்களைக் கவனிக்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். "தப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் ஆசிரியர். பாராட்டா, குத்தலா என்று இன்னும் விளங்கவில்லை.

நாம் இருந்த காலத்தில் புகார்க் கடிதம் வந்தால் என்ன செய்வோம், ஞாபகம் இருக்கிறதா? எழுதின நிருபரிடமே நீட்டி "பதில் சொல்லுப்பா" என்போம். அவன் "என் தகவல் சரிதான் சார்" என்பான். அதோடு சரி. இப்போது அப்படி இல்லை. நிருபரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குகிறேன், பதிலை நான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் புகார் செய்தவருக்குப் போன் போட்டு "எந்த வரி?" என்று கேட்கிறேன். நிறையப் பேர் படித்துக் காட்டுவது தலைப்பைத்தான். செய்திக்குள் "கூறப்படுகிறது", "போலீஸ் தரப்பில் தெரிவித்தனர்" எல்லாம் ஒழுங்காக இருக்கும். தலைப்பில் இடம் போதாமல் அவை கழன்றுவிடும். "மோசடி செய்ததாகப் புகார்" என்பது "மோசடி" ஆகிவிடும். பாவம், நிருபர் தலைப்பு வைப்பதில்லை என்பது வாசகருக்குத் தெரியாது. திட்டு மட்டும் அவனுக்கு.

இந்த வேலைக்கு வந்த பிறகு பழைய கதைகளைத் தேடிப் படிக்கிறேன். 1913இல் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகை, செய்திகளின் துல்லியத்தையும் நியாயத்தையும் பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கியது. அதன் பொறுப்பாளர் ஒன்றைக் கவனித்தார்: கப்பல் விபத்துச் செய்தி எதை எடுத்தாலும் ஒரு பூனை உயிர் பிழைத்திருந்தது. விசாரித்தால், ஒரு விபத்தில் நிஜமாகவே பூனை இருந்திருக்கிறது. அதை எழுதாமல் விட்ட நிருபர்களுக்கு அவர்களுடைய ஆசிரியர்களிடம் நல்ல டோஸ். அடுத்த விபத்திலிருந்து பூனை இல்லாவிட்டாலும் எல்லோரும் ஒரு பூனையைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். நம் அலுவலகத்தில் எத்தனை பூனை ஏற்றியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். தீ விபத்து என்றால் "மின்கசிவே காரணம்" என்று அன்று ராத்திரியே எழுதவில்லையா?

ஸ்வீடனில் 1916லிருந்தே பத்திரிகைகளுக்கென ஒரு கவுன்சில் இருக்கிறது, 1969இல் வாசகர் புகார்களை விசாரிக்க ஆம்பட்ஸ்மன் என்று ஒரு நடுநிலை அதிகாரியும் வந்துவிட்டார். நியூயார்க் டைம்ஸில் ஒரு நிருபர் கட்டுக்கதைகளை எழுதி மாட்டிக்கொண்ட பிறகு, 2003இல் வாசகர் சார்பில் கேள்வி கேட்க ஒரு ஆசிரியரை நியமித்தார்கள். 2017இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். சமூக ஊடகங்களில் வாசகர்களே காவல் இருக்கிறார்களாம். எனக்கு ஒப்பவில்லை. வெளியே ஆயிரம் பேர் கத்தலாம், நிருபரின் குறிப்பேட்டைக் காட்டு என்று கேட்க உள்ளே ஒரு ஆள் வேண்டாமா? நம் நாட்டில் பிரஸ் கவுன்சில் இருக்கிறதே என்பாய். கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. அதுவும் பல மாதம் கழித்து.

சரி, இதையெல்லாம் விடு. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்காக. போன மாதம் ஒருவர் போன் செய்தார். பல வருஷத்துக்கு முன் ஒரு வழக்கில் கைதானவர். அன்று நாம் செய்தி போட்டோம், பெயர், வயது, தெரு எல்லாம் சேர்த்து. அப்புறம் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டது. அதை நாம் போடவே இல்லை. தீர்ப்பு நாளில் நம் ஆள் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. பழைய பக்கங்களை எல்லாம் இணையத்தில் ஏற்றியாயிற்று இல்லையா, இப்போது அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது நம் செய்திதான். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்களாம்.

அன்றைய செய்தியில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டம். செய்தி ஆசிரியர் "ஆவணத்தில் கை வைக்கக் கூடாது, இன்று இதை எடுத்தால் நாளை அமைச்சரும் வந்து நிற்பார்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதுபோன்ற ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஸ்பெயின் நாளிதழ் ஒன்றில் 1998இல் வந்த ஏல அறிவிப்பு பற்றியது. நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கலாம், பெயரைத் தேடும்போது அந்த இணைப்பை மட்டும் கூகுள் காட்டக் கூடாது என்றது. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஒரு செய்தித் தளம் 2018 முதல் சிறு குற்றச் செய்திகளிலிருந்து பெயரை நீக்கச் சொல்லும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிக்கிறது. அங்கேயே பாஸ்டன் குளோப் பத்திரிகையும் 2021இல் அப்படி ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது.

நான் இப்போதைக்குச் செய்தது, தீர்ப்பு நகலை வாங்கிப் பார்த்து, பழைய செய்தியின் தலைக்கு மேலேயே "இவர் விடுவிக்கப்பட்டார்" என்று தேதியோடு குறிப்புப் போட்டதுதான். அடியில் போட்டால் யார் படிப்பார்கள்? அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "தலைப்பு அப்படியேதானே சார் இருக்கு" என்றார்.

பழைய கட்டிங்கை எடுத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி ஷிஃப்டில் நீ முதல் பக்கம், நான் ஐந்தாம் பக்கம். ஒரு பத்தி இடம்தான் இருந்தது. "கைது" என்று மட்டும் வைத்திருக்கலாம். "பலே ஆசாமி சிக்கினார்" என்று வைத்தது நான்தான். நீ பார்த்துச் சிரித்துவிட்டு "ஓகே" போட்டாய்.

தலைப்பை மாற்றினால் ஆவணத்தைத் திருத்தியது ஆகுமா, இல்லை பெயரையே எடுத்துவிடலாமா? என் தலைப்பு என்பதாலேயே இதை முடிவு செய்ய எனக்குத் தகுதி இல்லையோ என்றும் தோன்றுகிறது. அவருக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். கடிதம் வேண்டாம், போன் பண்ணு.

உன்
பழைய ஐந்தாம் பக்கத்துக்காரன்