"எல்லா உலோகங்களுக்கும்" என்ற லேபிளை மாற்றுங்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் பொருள்களை உங்கள் மெருகுத் திரவம் கெடுத்தது குறித்து

ஐயா / அம்மையீர்,

உங்கள் மெருகுத் திரவத்தின் லேபிளில், "எல்லா உலோகங்களுக்கும் ஏற்றது, 5 நிமிடம் ஊறவிட்டுக் கழுவவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதன்படியே செய்ததில் ஒரு வெள்ளித் தட்டும் வெள்ளிப்பிடி போட்ட கத்தியும் பித்தளைக் கைப்பிடியும் பாழாகிவிட்டன.

உங்கள் பாதுகாப்புத் தகவல் தாளின்படி இதில் தயோயூரியா என்ற கந்தகச் சேர்மமும் சல்ஃபாமிக் அமிலமும் இருக்கின்றன. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேல் படியும் கறுப்பான சல்ஃபைடு படலத்தை இந்தக் கலவை கரைத்துவிடும். ஆனால் அதற்குச் சில விநாடிகள் போதும். 5 நிமிடம் கிடந்தால் படலம் போன கையோடு வெள்ளியையும் அரிக்கும். தட்டு பளபளப்பு இழந்து வெளிறிக் கிடக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பெல்லாம் ஊசிமுனைக் குழிகள். இனி அது முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும். பூவேலையின் பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றியிருந்த கறுப்பும் கரைந்துவிட்டதால் வேலைப்பாடே எடுப்பாகத் தெரியவில்லை.

கத்தியின் பிடி உள்கூடானது. இணைப்பு வழியே திரவம் உள்ளே இறங்கிவிட்டது, அதைக் கழுவி எடுக்க வழியில்லை. எவர்சில்வர் அலகிலும் அமிலம் புள்ளி புள்ளியாகக் குழி பறித்திருக்கிறது. பித்தளையோ திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது: அமிலத்தில் துத்தநாகம் முந்திக் கரைய, செம்பு மேலே நிற்கிறது. பித்தளைக்கு மென்மையான தேய்ப்புப் பசைதான் சரி. அதையும் லாக்கர் பூச்சு (நிறமற்ற காப்புப் பூச்சு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போட வேண்டும்.

லேபிளில் இருக்க வேண்டியது இதுதான். கெட்டி வெள்ளிக்கு மட்டும். முக்கக் கூடாது; பஞ்சில் தொட்டுத் தடவி, 10 விநாடிக்குள் ஓடும் தண்ணீரில் காட்டி, நன்றாக அலச வேண்டும். தயோயூரியா ஒட்டியிருந்தால் வெள்ளி மறுபடி கறுக்கும், அதனால் அலசுவதில் அவசரம் கூடாது. வெள்ளி முலாம், கறுப்பேற்றிய வேலைப்பாடு, முத்து பதித்த நகை, உள்கூடான பொருள், எவர்சில்வர், அலுமினியம் எதிலும் படக் கூடாது. முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், கொஞ்சம் அரித்தாலே அடியில் உள்ள வேறு உலோகம் தெரிந்துவிடும். தயோயூரியா புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். கையுறை, காற்றோட்டம் பற்றி லேபிளில் ஒரு வரிகூட இல்லாததை ஏற்க முடியாது.

லேசான கறுப்புக்கு இந்தத் திரவமே தேவையில்லை. மிக நுண்ணிய சுண்ணாம்புக்கல் தூளைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய பருத்தித் துணியால் அழுத்தாமல் துடைத்தாலே போதும்.

திரவத்தின் விலையையும் தட்டை மறுமெருகிட ஆகும் செலவையும் தர வேண்டும். கத்திக்கும் ஈடு தர வேண்டும். கடைகளில் இருக்கும் குப்பிகளில் உடனே எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுங்கள். திருத்திய லேபிளின் வாசகத்தை உங்கள் பதிலோடு எழுத்தில் அனுப்பிவையுங்கள். குப்பி, ரசீது, மூன்று பொருள்களின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்