கடற்கரை சாய்தளப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொட்டிவாக்கத்தில் நம் தெருமுனையிலிருந்து மணலுக்கு இறங்கும் சாய்தளம் கட்டி முடிந்தது. 2024 மழைக்கு முன் முடிப்போம் என்று பொதுக்குழுவில் வாக்குக் கொடுத்தோம். முழுதாக ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. ஏன் என்று கேட்காதவர் தெருவில் இல்லை.

பழைய தளத்தை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் உடைத்தது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். இடிபாட்டை அள்ளும்போது வேறு கதை தெரிந்தது. கம்பிக்கு மேல் அரை அங்குலம்கூடக் கான்கிரீட் இல்லை. நகத்தால் சுரண்டினால் கம்பி செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புக்காற்று பல வருடமாகத் தின்றதைப் புயல் ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். சரிவும் தப்பு. தெருமட்டத்துக்கு மணல் இரண்டரை அடி கீழே. ஓரடி இறங்கப் பன்னிரண்டடி நீளம் என்பது சக்கர நாற்காலிக் கணக்கு. அதன்படி முப்பதடி வேண்டும். பழையது பதினைந்தடி. பைக் இறக்கத்தான் லாயக்கு. அதற்கு ஒப்புதல் கொடுத்ததும் நம் சங்கம்தான்.

மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியதைப் பார்த்திருக்கிறோம். அதனால் மரமா கான்கிரீட்டா என்று மூன்று கூட்டம் போட்டோம். (ஒன்று முழுக்க டீச்செலவுச் சண்டையில் போனது.) தீர்த்துவைத்தவர் மீனவர் குப்பத்துப் பெரியவர் ஒருவர். “தெண்டி வெள்ளம் மணலை வடக்கே தள்ளும், வன்னி தெற்கே இழுக்கும். நீங்க கட்டுறது நிக்கும் சார், அடியில மணல் நிக்காது” என்றார். (தெண்டி தெற்கிலிருந்து வரும் கடல் நீரோட்டம், வன்னி வடக்கிலிருந்து வருவது.) மேல் இருபதடி கான்கிரீட், கீழ்ப் பத்தடி கழற்றி மாட்டும் சால் மரப்பலகை என்று அன்றே முடிவானது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கான கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. கையில் வந்தபோது மழை தொடங்கியாயிற்று. ஆத்திரத்தில் அஸ்திவாரம் தோண்டினோம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே ராத்திரியில் குழியை மூடியது. மறுபடி தோண்டிய கூலி கணக்கில் தனி வரியாக இருக்கிறது. அது எங்கள் அவசரத்துக்கான அபராதம்.

ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம். குஞ்சுகள் வெளிச்சம் பார்த்து நகரும்; விளக்குப் போட்டு வேலை செய்தால் கடலை விட்டுத் தெருவுக்கு வந்துவிடும். ஏப்ரல் முடியும்வரை நிறுத்தினோம். இதைத் தாமதம் என்று எழுத மனம் வரவில்லை.

போல்ட் விஷயத்தை அப்படி விட முடியாது. பில்லில் கடல்காற்றைத் தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. பொருத்திப் பத்து நாளில் எல்லாத் தலைகளிலும் பழுப்பு; வெள்ளைத் துணியால் துடைத்தால் காவி ஒட்டியது. ஒப்பந்ததாரர் கடைக்காரரைக் கைகாட்டினார், கடைக்காரர் கடல்காற்றைக் கைகாட்டினார். பிடித்தம் வைத்த பணம் நம்மிடம் இருந்ததால் பேச முடிந்தது. அத்தனையும் கழற்றி மாற்ற ஆறு வாரம்.

2025 செப்டம்பர் கடைசியில் திறந்தோம். மூன்றே வாரத்தில் மழைக்காகப் பலகையைக் கழற்ற வேண்டிவந்தது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். பொங்கல் கழிந்து மறுபடி மாட்டியபோது ஐந்து பலகையில் நான்கு அப்படியே உட்கார்ந்தன. ஐந்தாவதற்கு அடியில் மணல் அரையடி இறங்கியிருந்தது, முட்டுக்கொடுத்திருக்கிறோம். பலகை இல்லாத மாதங்களில் சக்கர நாற்காலியில் வருபவர்கள் மேல்தளக் கம்பியோடு நிற்க வேண்டியதுதான். குறைதான், மறைக்கவில்லை. பலகைகள் சங்க அறையில் இருக்கும், சாவி காவலாளியிடம். தூக்க நான்கு பேர் வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் பெயர் கொடுங்கள்.

வரவு செலவு தனித்தாளில் உள்ளது.

மீதி ஒன்று. பைக் நுழையாமலிருக்க முகப்பில் மூன்றடி இடைவெளியில் தூண் நட்டோம். சக்கர நாற்காலி தாராளமாகப் போகிறது. புல்லட்டும் போகிறது. ஞாயிறு சாயங்காலம் ஏழு வண்டி எண்ணினோம். வழி தெரிந்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வரவும்.

சாய்தளப் பணிக் குழு