அக்காவுக்கு, அந்த 62 நிமிடங்கள் பற்றி

அக்கா,

வீட்டைக் காலி செய்ததைப் பற்றி எழுதப் போவதில்லை. சாவியைக் கொடுத்தபோது நீயும்தான் பக்கத்தில் நின்றாய். பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏன் பைக்குள் வைக்கிறாய் என்று கேட்டாய். பழைய ஆணி, ஸ்க்ரூ என்று சொன்னேன். பொய். அதற்குள் உன் டிடிகே 90 கேசட் இருந்தது. பாட்டு டீச்சரின் பாடம் பதிவு செய்த கேசட்.

ஆமாம், டேப் சிக்கி அறுந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்று நான் சொன்னேனே, அதே கேசட்தான்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நீ ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய், நானும் அதோடு விட்டுவிடுவேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் இங்கே.

1993 மே. ஒன்பதாம் வகுப்பு முடிந்த லீவு. என் நண்பனின் அண்ணன் பம்பாயிலிருந்து வந்திருந்தார். அவர் பையில் மெட்டாலிக்கா என்கிற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் கேசட் ஒன்று. கறுப்பு அட்டை, மூலையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற சுருண்ட பாம்பு. இரண்டு நாளில் அவர் கிளம்புகிறார். அவர்கள் வீட்டில் டபுள் டெக் இருந்தது, என்னிடம் காலி கேசட் இல்லை, வாங்கக் காசும் இல்லை. மொத்தம் 12 பாட்டு, 62 நிமிடம். 60 நிமிடக் கேசட்டில் போட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு அறுந்துவிடும். வீட்டில் 90 நிமிடக் கேசட் இரண்டுதான். ஒன்றில் அப்பா யாரிடமோ கெஞ்சி வாங்கிப் பதிவு செய்த காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம். இன்னொன்று உன்னுடையது.

அப்பாவுக்குப் பயந்தேன். உனக்குப் பயப்படவில்லை. அவ்வளவுதான் காரணம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவே முடியாது அக்கா. அழிந்துவிடக் கூடாதென்று மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் நீ ஹேர்பின்னால் உடைத்து வைத்திருந்தாய். பல் இல்லாவிட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. அந்த இரண்டு ஓட்டைகளின் மேலும் செல்லோடேப் ஒட்டினேன். முதல் துண்டு கோணலாகப் போனதால் உரித்துவிட்டு, கத்தரியால் நேராக இன்னொன்று வெட்டி, நகத்தால் நீவிவிட்டேன். நிறுத்திக்கொள்ள அத்தனை நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

ஆறு மாதம் கழித்து, உன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பெட்டி அடுக்கும்போது கேசட்டைத் தேடினாய். டேப் சிக்கிடுச்சுக்கா என்றேன். நீ அழவில்லை. ரெக்கார்டரின் மூடியைத் திறந்து, உள்ளே துணுக்கு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாய். அம்மா அந்த ரெக்கார்டரைத் திட்டினாள். நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். இனி எழுதப்போவது என் நியாயம். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்.

நம் வீட்டில் எல்லாருக்கும் ஒரு பாட்டு இருந்தது. காலையில் அடுப்படியில் அம்மாவுக்கு நாகூர் ஹனிபா. கந்த சஷ்டி கவசம் முடிந்த கையோடு ஹனிபாவின் அந்தக் கணீர்க் குரல் வரும், அம்மாவுக்கு இரண்டும் ஒரே வழிபாடு. அப்பாவுக்கு நாகஸ்வரம் தவிர வேறெதுவும் இசையில்லை. உனக்குக் கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதன். அவர் 1984இல் போய்விட்டார், நீ கேட்க ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். ஆனாலும் அடுத்த தெருவில் இருப்பவரைப் போலப் பேசுவாய். "அவசரமே படமாட்டாருல, ஒரு ஸ்வரத்துல உக்காந்து அதைச் சுத்திப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாரு" என்பாய். எனக்கு அந்த வயதில் அது தாங்க முடியாத மெதுவாக இருந்தது. எனக்கென்று ஒன்றும் இல்லை. ரோஜா வந்த புதிதில் அதை என் பாட்டாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், ஆனால் அது ஊருக்கே பாட்டாகிவிட்டது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டது ஒன்றே ஒன்று, 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) அவர் சமர்ப்பணம் செய்த இசைத்தொகுப்பு. வி.எஸ். நரசிம்மனின் வயலின் வருகிற இடங்களில் நீ கண்ணை மூடிக்கொள்வாய். நீ தியாகராஜர் பக்கம், நான் பாக் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டே கேட்போம். சந்தோஷமான சண்டை.

மற்றபடி, பாட்டு கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டவள் நீ. ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வர அனுப்பப்பட்டவன் நான்.

தெற்கு ரத வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து இப்போதும் கனவில் வருகிறது. டீச்சர் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், ரெக்கார்டிங்கில் இரைச்சல் விழக்கூடாதென்று. நான் சுவரோரம் சம்மணம் போட்டு, சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் ஒன்றாக அமுக்குவேன். அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. அன்றைக்குப் பாடம் 'ஸ்ரீ காந்திமதிம்'. நம் ஊர் அம்மன் மேல் தீட்சிதர் செய்தது, ஹேமவதி ராகம். அந்த ராகத்தைத் தீட்சிதர் வழியில் தேசிசிம்மாரவம் என்று சொல்லவேண்டும் என்று டீச்சர் உன்னைத் திருத்தியதுகூட நினைவிருக்கிறது.

அந்த ராகத்துக்கு வேண்டிய மேல் மத்தியமம், பிரதி மத்தியமம், உனக்கு நிற்கவில்லை. நாலைந்து முறை சறுக்கி, அதற்கு ஒரு படி கீழே இருக்கிற சுத்த மத்தியமத்தில் விழுந்தாய். சுத்த மத்தியமம் வருகிற கரகரப்பிரியா ராகம் பாடிப் பழகின குரல், பழைய வழியிலேயே போனது. டீச்சர் மறுபடியும் பாடிக் காட்டினார். மறுபடியும் விழுந்தாய். அப்போது நான் முனகினேன். வேண்டுமென்று இல்லை. அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்கு வந்துவிட்டது. சரியாக வந்தது.

"யாரது? அந்தப் பையனை வெளியே போகச் சொல்லு."

நீ ஒன்றும் சொல்லவில்லை அக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுந்து திண்ணைக்குப் போனேன். அப்புறம் எப்போதும் திண்ணைதான். குரல் உடைகிற வயசு, இவனுக்கு எதற்குப் பாட்டு என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னதை நீ வீட்டில் சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னாய். உனக்கு அது நினைவிருக்காது.

ஒரு வருஷம் கழித்து, நண்பனின் வீட்டில், அந்தக் கறுப்பு அட்டைக் கேசட்டின் முதல் பாட்டில் கிடார் தொடங்கியபோது எனக்கு முதுகில் சிலிர்த்தது. ஏன் என்று அப்போது தெரியாது. முப்பது வயதில் கிடார் கையில் எடுத்து, அந்த வரியை வாசிக்கப் பழகும்போதுதான் தெரிந்தது. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், அப்புறம் கீழ்ஸ்தாயியில் பிரதி மத்தியமம். மூன்றும் ஹேமவதியில் இருப்பவை. அடுத்த ஸ்வரமே சுத்த மத்தியமத்துக்குச் சறுக்கிவிடும். இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து வந்தால் எப்படி ராகம் என்பாய், தெரியும். ராகம் இல்லைதான். ஆனால் பிரதி மத்தியமத்திலிருந்து சுத்த மத்தியமத்தில் போய் விழுகிற அந்தச் சறுக்கல்! டீச்சர் வீட்டில் நான் கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதிந்த அதே சறுக்கல். ஹெவி மெட்டலில் எத்தனையோ பாட்டுகள் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே இருக்கிற அந்த நெருடலின் மேல்தான் நிற்கின்றன. நீ "தகரத்தை உருட்டுத மாதிரி இருக்குல" என்று சொன்ன சத்தத்துக்குள் நான் கேட்டது உன் பாடத்தைத்தான்.

இது அழித்ததற்கு நியாயம் ஆகாது. ஆனால் உன் பாட்டின் அருமை தெரியாமல் அழித்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அதை என்னால் தாங்க முடியாது.

2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். மெட்டாலிக்கா இந்தியாவில் வாசித்த நாள். காலெல்லாம் சேறு, சுற்றிலும் கறுப்புச் சட்டை போட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள். உனக்குப் போன் செய்து, கையைத் தூக்கிப் பிடித்துக் கேட்க வைத்தேன். "என்னல இரைச்சல், எங்க இருக்க, சாப்பிட்டியா?" என்றாய். அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது.

நீ பாடுவதை விட்டதற்கு எல்லாரிடமும் ஒரே காரணம் சொல்கிறாய். "டேப் சிக்கினதோட என் பாட்டும் போச்சு." கல்யாண வீடுகளில், கொலு வைத்த வீடுகளில், யார் பாடச் சொன்னாலும் இதே வரி. சிரித்துக்கொண்டே சொல்வாய், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள், பேச்சு மாறிவிடும். பக்கத்தில் நின்று நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! ஒரு கேசட் போனதால் பாட்டு போகாது அக்கா. டீச்சர் 2001 வரை இருந்தார், அதே சந்தில். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் போய் உட்கார்ந்து அந்தப் பாடாந்தரத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அத்தான் படிப்பார், அந்தப் பக்கத்துச் சொந்தமும் படிக்கும். அத்தான் என்னிடம் எப்போதும் அன்பாகத்தான் இருந்திருக்கிறார், அதுவும் உண்மை. வேறென்ன சொல்ல. என் பொய்யை எடுத்து உன் பொய்க்குத் திரையாகக் கட்டிக்கொண்டாய். அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நான் முப்பது வருஷம் நின்றேன். அந்தக் கோபம் எனக்கு உண்டு. குற்றவாளி நான்தான், கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று கேட்பாய். கேள். ஆனாலும் இருக்கிறது.

அம்மாவின் தலைத்திவசத்தன்று, உன் மகள் மாடியில் கொரியப் பாட்டைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். நீ கீழிருந்து கத்தினாய், "என்னட்டி இது, தகரத்தை உருட்டுத மாதிரி." அவள் உடனே நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் வலித்தது. அவள் என்னிடம் அந்தக் குழுவின் பெயர், ஏழு பையன்களின் பெயர், யார் எழுதுகிறான், யார் ஆடுகிறான் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு உன் காது. ஒரு பாட்டின் நடுவே சுருதி மாறுகிற இடத்தைச் சரியாகப் பிடித்துச் சொன்னாள். ஒருநாள் அவளோடு உட்கார்ந்து கேள்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் 45 நிமிடம். மெட்டாலிக்கா ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 31 நிமிடம்தான். பாட்டு முடிந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தியிருந்தோம். ஆகவே இரண்டு பக்கத்தின் வாலிலும் பதின்மூன்று, பதினான்கு நிமிடம் உன் பாடம் அப்படியே இருக்கிறது. இது எனக்கு 1993லேயே தெரியும். ஆறாவது பாட்டின் கடைசி அடி அடங்கும், ஒரு 'டக்', அதற்கப்புறம் உன் குரல் வரும் என்று தெரியும். கேட்கத் தைரியமில்லாமல் ஸ்டாப் பட்டனில் விரலை வைத்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்பேன். அந்த 'டக்'கைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை.

போன வாரம் போனேன். கேசட்டின் உள்ளே பஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தது. திருகாணிகளைக் கழற்றி, வேறொரு கேசட்டிலிருந்து திண்டை எடுத்துப் பொருத்தினேன். ஸ்பிரிட்டில் ஹெட்டைத் துடைத்து, பென்சிலால் முழுதும் ஒருமுறை சுற்றி இறுக்கி, ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றினேன்.

பி பக்கத்தில், சரியாக அந்த இடம் இருக்கிறது. நீ சறுக்குவது, டீச்சர் பாடிக் காட்டுவது, நீ மறுபடியும் சறுக்குவது, சுவரோரம் என் முனகல், யாரது என்ற கேள்வி. என் கால் சத்தம். கதவு. அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாதே, நான்தான் திண்ணையில் இருந்தேனே. தெருவில் சைக்கிள் மணி, எங்கோ குக்கர் விசில். டீச்சர் பாடவில்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. பதினோரு நொடி. பிறகு நீ தனியாக எடுக்கிறாய், அந்தச் சங்கதியை, நான் முனகின வேகத்தில், நான் இழுத்த இடத்தில் இழுத்து. பிரதி மத்தியமம் அசையாமல் நிற்கிறது. "ம்" என்கிறார் டீச்சர்.

அதை எங்கிருந்து எடுத்தாய் அக்கா? டீச்சரிடமிருந்தா?

இரண்டு ஃபைலையும் இன்று ராத்திரி மெயிலில் அனுப்புகிறேன், கேசட்டை நாளைக்குக் கூரியரில். செல்லோடேப்பை உரித்துவிட்டேன், இனி அதில் யாரும் எதையும் பதிய முடியாது. மெட்டாலிக்காவை முழுதாக வெட்டவில்லை, ஒவ்வொன்றின் முன்னாலும் கடைசி இருபது நொடியை விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் சத்தம் கூடுதல், உன் குரல் வரும்போது சன்னமாகிவிடும். முதலில் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு, 'டக்' கேட்டதும் கூட்டிக்கொள்.

தம்பி