சி.பி.எல். கையில், ஐ.ஆர். எப்போதோ?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானி ஆக விரும்புவோருக்காகத் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தனியார் விமானி உரிமம் (பி.பி.எல்.) வாங்கியதும் வணிக விமானி உரிமத்தை (சி.பி.எல்.) முடித்துவிட வேண்டும், இரட்டை எஞ்சின் தகுதியையும் கையோடு வாங்கிக்கொள்ளலாம், வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐ.ஆர்.) வசதிப்படும்போது போதும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சம்பாத்தியம் தரும் உரிமம் முதலில் வரட்டும் என்பது கட்டுரையாளரின் கணக்கு. விமானப் பயிற்றுநராக வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கணக்கு உதைக்கிறது. பி.பி.எல்.லுக்குப் பிறகு ஐ.ஆர்., அதன் பின் சி.பி.எல்., கடைசியில் இரட்டை எஞ்சின் என்பதுதான் என் வரிசை.

ஐ.ஆர். இல்லாத சி.பி.எல்.லை வைத்து என்ன சம்பாதிப்பது? அமெரிக்க விதியையே பாருங்கள். அப்படிப்பட்ட விமானி, கட்டணப் பயணிகளை 50 கடல் மைலுக்கு மேற்பட்ட வெளியூர்ப் பயணத்துக்கு ஏற்றிச் செல்ல முடியாது. இரவில் அறவே ஏற்ற முடியாது. சரி, பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்றால், அங்கே விமானப் பயிற்றுநர் ஆவதற்கும் ஐ.ஆர். கேட்பார்கள். விளம்பரத் துணி இழுப்பது, வயலுக்கு மருந்து தெளிப்பது போன்ற வேலைகள் மிஞ்சும். அவற்றுக்கும் தனிப் பழக்கம் வேண்டும்.

மணிக்கணக்கைப் பார்த்தாலும் இதே கதைதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் குறைந்தபட்ச அளவுப்படி, சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150. பி.பி.எல். முடித்தவர் அதுவரை எப்படியும் பறந்துதான் ஆக வேண்டும். ஐ.ஆர்.க்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சியும், தலைமை விமானியாக 50 மணி நேர வெளியூர்ப் பயணமும் கேட்கிறார்கள். அந்த 50 மணி, சி.பி.எல். கணக்கிலும் சேரும். சி.பி.எல்.லே 10 மணி நேரக் கருவிப் பயிற்சி கேட்கிறது. இடையில் இருக்கும் நேரத்தை ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றியே கரைப்பதற்குப் பதிலாக ஐ.ஆர். பயிற்சியாகப் பறந்தால், ஒரே எரிபொருளில் இரண்டு பதிவேட்டுப் பத்திகள் நிரம்பும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கை. முகமூடி மாட்டி, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகியவரின் கை தனியாகத் தெரியும். உயரம் அலையாது, டிரிம் (கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானம் நிலையாகப் பறக்கச் செய்யும் அமைப்பு) சரியாக இருக்கும், ரேடியோவில் தயங்க மாட்டார். அவருக்கு சி.பி.எல். வித்தைகளைச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். இந்தப் பழக்கம் இல்லாமல் மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை 1954-இலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிக்காட்சி தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டார்கள். சராசரியாக 178 விநாடிகளில் விமானம் கட்டுப்பாட்டை இழக்கும் நிலைக்குப் போனது. மூன்று நிமிடம்கூட இல்லை. 200 மணி நேர அனுபவம் சேர்க்கக் கிளம்பும் இளம் விமானிக்கு இந்தப் பாடம் முன்னாலேயே கிடைப்பதுதான் நியாயம்.

இரட்டை எஞ்சின் தகுதியை நான் கடைசியில் வைப்பேன். ஒரு எஞ்சின் நின்றதும் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். வால்பகுதிச் சுக்கானான ரடரை மிதித்து நேராக்க வேண்டும், நின்ற எஞ்சின் எது என்று உறுதிசெய்ய வேண்டும், அதன் ப்ரொப்பெல்லரை ஃபெதர் செய்ய வேண்டும் (காற்றைத் தடுக்காதபடி அதன் இதழ்களைத் திருப்ப வேண்டும்), வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐ.ஆர். உள்ளவருக்கு இதையே, ஒரு எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில் கருவி வழித் தரையிறக்கமாகவும் சோதிப்பார்கள். வாடகையும் அதிகம், கையும் சீக்கிரம் மறக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டி எடுத்தால் இரண்டுமே வீணாகாது. சில பயிற்சி நிலையங்கள் மட்டும் இதை முன்னால் தள்ளுகின்றன. அவர்களுடைய இரட்டை எஞ்சின் விமானம் சும்மா நிற்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. அங்கே ஐ.ஆர்., இரட்டை எஞ்சின் இரண்டுமே ஓராண்டுக்குத்தான் செல்லும். பலர் ஐ.ஆர்.ஐயே இரட்டை எஞ்சின் விமானத்தில் எடுக்கிறார்கள், அதனால் அந்தத் தகுதி முன்னால் வந்துவிடுகிறது. சி.பி.எல்., ஐ.ஆர். இரண்டில் எது முந்தினாலும் அடுத்ததன் பயிற்சியில் 10 மணி குறையும். ஆனால் விமான நிறுவன வேலைக்கான எழுத்துத் தேர்வுகளை முடித்த 36 மாதங்களுக்குள் இரண்டையும் வாங்கியாக வேண்டும். ஆகவே அங்கே வரிசையைவிட இடைவெளி விடாமல் முடிப்பதே பெரிய விஷயம்.

பருவநிலைக்காகவும் என் வரிசையை மாற்றிக்கொள்வேன். சாண்டெல் (ஏறிக்கொண்டே திரும்புவது), லேஸி எய்ட் (ஏறி இறங்கி மாறி மாறித் திரும்புவது) போன்ற சி.பி.எல். பயிற்சிகளுக்குத் தெளிவான தொடுவானம் வேண்டும். வானம் தெளிந்திருக்கும் மாதங்கள் கொஞ்சமே என்றால் அவற்றை இதற்குக் கொடுத்துவிட்டு, மூட்டமான நாட்களில் ஐ.ஆர். பயிற்சிக்காகச் சிமுலேட்டரில் உட்காரலாம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மாணவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேருங்கள். ஐ.ஆர். பயிற்சிக்கு ஏற்ற கருவிகள் உள்ள விமானங்கள் எத்தனை, ஐ.ஆர். சொல்லிக்கொடுக்கும் தகுதி எத்தனை பயிற்றுநர்களுக்கு இருக்கிறது, விமானம் பழுதுக்குப் போனால் அந்த வாரங்களில் மாணவர் என்ன செய்வார். இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பயிற்றுநர் ஒருவர்