சர்வீஸ் எஸ்டிமேட்டைப் பார்த்தேன், மாப்ளை

மதுரை

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த கார் சர்வீஸ் எஸ்டிமேட்டும் வந்து சேர்ந்தன. ஓய்வு பெற்ற கையோடு எனக்கு நாலு பக்கம் எழுத நேரம் ஒதுக்கியிருக்கிறாய், மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது மாடிப்படி ஏறுகிறாள். சின்னவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

"16,000 ரூபாய்ச் சொச்சம் போட்டுக் கொடுத்திருக்கிறான், எதைச் செய்ய, எதை விட? பஸ் டெப்போவிலேயே கிடந்தவன் நீ, சொல்லு" என்று கேட்டிருந்தாய். இதை நீ கேட்டதே நல்லது. பென்ஷன் பணத்தில் ஓடப்போகிற வண்டி இது. தேவையில்லாததற்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் தேவையானதற்குக் கையைப் பிசையக்கூடாது.

எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். அதில் பாதி உன் வண்டியின் மேனுவலில் இருக்கிற வேலை. மீதி சர்வீஸ் அட்வைசர் சேர்த்தது. அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். மேனுவலில் இல்லாத வேலைகளையும் மாதம் இவ்வளவு விற்கவேண்டும் என்று அவனுக்கு மேலிருந்து நெருக்கடி இருக்கும். ஆனால் உனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்குமே ஒரு புத்தகம், அதை எடு. கடைசியில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். வண்டியைச் செய்தவன் எழுதியது அதுதான்.

டெப்போவில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சில பாகங்கள் கெடுவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும், இழுக்கும், ஆடும், வாடை அடிக்கும். அவற்றை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சிலது ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். சொல்லாமல் போவதைத்தான் தேதி போட்டு மாற்றுவோம், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுவோம். உன் எஸ்டிமேட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் எஞ்சின் ஆயில். வண்டி 2020-ல் வாங்கியது, இன்னும் 25,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, "போன தடவை மாற்றியதிலிருந்து 10,000 ஆகட்டும், அப்புறம் மாற்றலாம்" என்று நினைக்கிறாய். அட்டவணையை இன்னொரு தடவை படி. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். உன் மாதிரி குறைவாக ஓட்டுகிறவனுக்கு அந்த ஒரு வருஷம்தான் கணக்கு. காலையில் மார்க்கெட், சாயங்காலம் பேரனைக் கூட்டிவர என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்துகிறாய். எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். எரிகிற பெட்ரோலில் உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும். நீண்ட தூரம் ஓடினால் அது சூட்டில் ஆவியாகிப் போகும், ஓடாவிட்டால் உள்ளேயே தங்கும். அதனால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் வருஷம் ஒருமுறை கட்டாயம். மேனுவலில் போட்டிருக்கும் கிரேடை மட்டும் ஊற்றச் சொல். பழைய அம்பாசடருக்கு 20டபிள்யூ-40 என்ற கெட்டி ஆயிலை ஊற்றின கையோடு, "கெட்டியா இருந்தாத்தான் எஞ்சினுக்கு நல்லது" என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். இப்போதைய எஞ்சினின் இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்காக அளந்து செய்தவை. இன்னொன்று, வாரம் ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை ஒரே ஓட்டமாகப் போய் வா. நாற்பது கிலோமீட்டர் ஓட்டம் எஞ்சினுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது.

எஸ்டிமேட்டில் உன் பேனா கோடு போட்டு அடித்திருந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பிரேக் ஆயில் மாற்றுவதை அடித்துவிட்டு, பெயிண்டின் மேல் பளபளப்புக்குப் பூசுகிற டெஃப்லான் கோட்டிங்கை விட்டுவைத்திருக்கிறாய். மாப்ளை, இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடு.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக மெல்ல மெல்ல ஏறும். தூத்துக்குடி காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் அதன் தரக்கணக்கு. டாட் 4 என்றால் 230-லிருந்து 155. ஊருக்குள் ஓட்டும்போது இதனால் ஒன்றும் தெரியாது, பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் நீ என்ன எழுதியிருக்கிறாய்? டிசம்பரில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகப்போகிறேன் என்று. 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரிலிருந்து வத்தலக்குண்டு வரை வளைந்து வளைந்து இறங்கவேண்டும். ஆறு பேர் இல்லாவிட்டாலும் ஐந்து பேரும் மூட்டைகளும் இருக்கும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் டிஸ்க்கும் பேடும் கொதிக்கும். அந்தச் சூடு, பேடை அழுத்துகிற காலிப்பருக்குள் இருக்கிற ஆயிலுக்குப் போகும். ஈரம் ஏறிய ஆயில் அங்கே ஆவியாகிவிட்டால் பெடலை மிதிக்கும்போது அழுத்தம் ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. அதுவரை ஒரு அறிகுறியும் இருக்காது. சொல்லாமல் போவது என்று சொன்னேனே, அதில் முதலாவது இதுதான்.

ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட அதை மாற்றியதாக உன் பில்களில் காணோம். பல கம்பெனிகள் இரண்டு வருஷம் என்று எழுதுகின்றன. கொடைக்கானல் போவதற்கு முன்னால் மாற்றிவிடு. மேலே டப்பாவில் மட்டும் உறிஞ்சிவிட்டு நிரப்பினால் ஆகாது. நாலு சக்கரத்திலும் பிளீட் பண்ணி, பழையது முழுக்க வெளியே வரவேண்டும். பக்கத்தில் நின்று பார். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டு எஞ்சினைப் பிடிக்கவிடு. இதைச் சொல்லாமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியாது.

எஞ்சினைக் குளிரவைக்கிற கூலன்டும் அதே இனம். அதில் துருப்பிடிக்காமல் காக்கிற மருந்து இருக்கிறது, நாள்பட நாள்பட அதன் சக்தி குறையும். நிறம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே. எத்தனை வருஷம் என்பது வண்டிக்கு வண்டி மாறும்: சிலதில் இரண்டு வருஷம், சிலதில் முதல் தடவை 1,50,000 கிலோமீட்டருக்கு மேலே. மேனுவல் சொல்வதைக் கேள். அவசரத்துக்குக்கூட உங்கள் ஊர் போர் தண்ணீரை ஊற்றிவிடாதே. உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டரை உள்ளிருந்து தின்னும்.

எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கிற டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாருதி 800-லும் பழைய சான்ட்ரோவிலும் இருந்த மாதிரி ரப்பர் பெல்ட் என்றால், சொன்ன கிலோமீட்டரில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றத்தான் வேண்டும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போய்விடும். உன் வண்டியில் செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் அதற்குத் தனிச் செலவு இல்லை.

மற்றவை எல்லாம் உன்னோடு பேசும், கேட்டால் போதும். வீல் அலைன்மெண்ட் ஒவ்வொரு சர்வீஸிலும் வேண்டியதில்லை. நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, பெரிய பள்ளத்தில் இறங்கி அடி வாங்கினாலோ செய். பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்று. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதித் தரச் சொல். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துக் காட்டச் சொல், அழுக்கு உனக்கே தெரியும். ஏசி ஃபில்டரை நீயே மாற்றலாம், பல வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது, பேரனே செய்துவிடுவான். பேட்டரியை வயதைச் சொல்லி மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, சுமை கொடுத்துப் பார்க்கிற லோடு டெஸ்ட் செய்யச் சொல். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அருகில் காட்டினால் நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது.

டயர் மட்டும் கொஞ்சம் வேறு. பட்டன், அதாவது ரோட்டைத் தொடுகிற மேல்வரி, இருக்கிறது, மாற்றவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பட்டன் பார்ப்பது சரி, 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டைக்கு வந்தால் முடிந்தது. ஆனால் குறைவாக ஓடுகிற வண்டியில் டயர் தேய்வதற்குள் ரப்பர் கிழடாகிவிடும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருஷம் தாண்டினால் வருஷாவருஷம் நல்ல டயர்க்கடையில் காட்டி, பக்கச்சுவரில் மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்.

எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநாசினி, எஞ்சின் டிரெஸ்ஸிங், டெஃப்லான், உள் அலங்காரச் சுத்தம்: இவை மேனுவலில் இல்லை. ஆயிலிலேயே சுத்தம் செய்கிற மருந்து இருக்கிறது. மைலேஜ் விழுந்தால், ஐடிலில் எஞ்சின் துடித்தால் அப்போது இன்ஜெக்டரைப் பார்க்கலாம். இப்போது எல்லாவற்றையும் அடித்துவிடு. கிட்டத்தட்டப் பாதிப் பணம் அங்கேயே மிச்சம்.

அண்டர்பாடி கோட்டிங்கை மட்டும் அடிக்காதே. மதுரையில் இருக்கிற எனக்கு அது வீண்செலவு. உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் வண்டி நிறுத்துகிற உனக்கு அப்படி இல்லை. ஆனால் முறையாகச் செய்தால்தான் பலன். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, துரு இருந்தால் சுரண்டி, தண்ணீர் வடிகிற துளைகளை அடைக்காமல் அடிக்கவேண்டும். துருவின் மேலேயே பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும். அதனால் மழைக்காலத்தில் வேண்டாம், சித்திரை வெயிலில் செய். வருஷாவருஷம் தேவையில்லை.

இதை எழுதும்போதுதான் 2023 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. உன் வண்டியும் கதவடி வரை நின்றதாகச் சொன்னாய். ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போனாய், அதுதான் எஞ்சினைக் காப்பாற்றியது. ஆனால் கியர் ஆயிலை அப்போது இறக்கிப் பார்த்தார்களா என்று உன் பில்களில் தெரியவில்லை. கியர் பாக்ஸின் காற்றுத்துளை வழியே தண்ணீர் போயிருக்கலாம். போயிருந்தால் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். இந்த சர்வீஸில் அதைப் பார்க்கச் சொல். எஸ்டிமேட்டில் யாரும் எழுதாத இந்த வேலைதான் உன் வண்டிக்கு அவசியம் என்று எனக்குப் படுகிறது. வீல் பேரிங்கில் உறுமல் கேட்கிறதா என்றும் ஓட்டிப் பார்க்கட்டும்.

கம்பெனி சர்வீஸா, வெளிப் பட்டறையா என்ற கேள்விக்கு வருகிறேன். வாரண்டி முடியும்வரை கம்பெனியில் விடுவது நிம்மதி. முடிந்தபிறகு நம்பகமான மெக்கானிக் கிடைத்தால் தாராளமாக விடு. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது, ஒரிஜினல் பாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக. வெளியே வேலை செய்தான் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்வோம் என்று பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. ஆனாலும் தன் வண்டியை எங்கே பழுதுபார்ப்பது என்பது வண்டிக்காரனின் உரிமை என்று ஓர் அமைப்பு எழுதிவைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கைத்தொழில் தெரிந்த எத்தனையோ பேர் ஊருக்கு ஊர் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார்கள், அவர்கள் பிழைக்கவேண்டும்.

எங்கே விட்டாலும் செய்யவேண்டியதை எழுதுகிற ஜாப் கார்டில் நீ ஒத்துக்கொண்ட வேலைகளை மட்டும் எழுதியபிறகே கையெழுத்துப் போடு. கூடுதலாக எது செய்வதானாலும் போனில் கேட்டுவிட்டுச் செய் என்று சொல். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேள். பில்களை ஒரு ஃபைலில் போட்டு, பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, டயர் இந்த நாலுக்கும் மாற்றிய தேதியை முதல் பக்கத்தில் எழுதிவை.

கொடைக்கானலுக்கு மதுரை வழியாகத்தானே போகவேண்டும். ஒரு ராத்திரி இங்கே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள், மலையில் வெளிச்சத்தில் ஏறலாம். அந்த ஃபைலையும் மேனுவலையும் எடுத்து வா, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். உன் வீட்டுக்காரியிடம் சொல், எனக்கு மக்ரூன் வேண்டாம், சர்க்கரை கூடியிருக்கிறது. உங்கள் வீட்டில் செய்கிற நண்டு மசாலாப் பொடி கொஞ்சம் இருந்தால் போதும்.

உன் பழைய பாலிடெக்னிக் கூட்டாளி